அதுவா வரட்டும், நீ தொரத்தாத

அம்மு,

நேத்து போன்ல அழாத குறையா பேசுனியே, அதான் எழுதுறேன், போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிருவ. நீ வளக்குற சின்சில்லா கிட்ட போனாலே ஓடி ஒளியுதுன்னு உன்ன பிடிக்கலன்னு நெனச்சுக்காத. எலி இனத்த சேந்த அந்த சின்சில்லா ஜாதியே அப்படித்தான். தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலையில பாறை இடுக்குல கெடந்த ஜீவன், நரி, ஆந்தை, பருந்து எல்லாத்துக்கும் இரை, அதனால மேல இருந்து எது எறங்குனாலும் அதுக்கு உயிர் போற பயம்தான். நீ ஆசையா கூண்டுக்கு மேல இருந்து கைய விடுற பாரு, அது கண்ணுக்கு அது பருந்தோட கால்.

உங்க அண்ணன் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் அவனோட சின்சில்லாவ நான்தானே பாத்துக்கிட்டேன். முதல்ல தொடுற நெனப்பையே விட்டுட்டேன். சாயங்காலம் இருட்டுற நேரம்தான் அதுங்க முழிச்சு சுறுசுறுப்பாகும், அப்போ கூண்டு பக்கத்துல தரையில உக்காந்து ஏதாவது மெதுவா பேசிட்டிருப்பேன், இல்லன்னா புக்க வெச்சுட்டு சும்மா இருப்பேன். கொஞ்ச நாள் போனதும் கைய கீழ தரையோட தரையா, உள்ளங்கை மேல பாக்குற மாதிரி வெச்சேன். மீசை மட்டும் வந்து தொட்டுச்சு, ஓடிருச்சு, மறுபடி வந்துச்சு, அப்புறம் முன்பல்லால என் நகத்த மெதுவா கொறிச்சுப் பாத்துச்சு. அது கடி இல்லடி, கைய வெடுக்குன்னு இழுத்துராத, அதுங்க ஒண்ணையொண்ணு முடி கோதிக்கிறதும் அப்படித்தான்.

தொரத்தி மட்டும் பிடிக்காத. பயத்துல திமிறும்போது அமுக்கிப் பிடிச்சா ஒரு கொத்து முடி அப்படியே கையோட வந்துரும், அது நோய் இல்ல, தப்பிக்க அதுக்கு இருக்குற தந்திரம், ஆனா திரும்ப வளர மாசக்கணக்காகும். நெஞ்சுப் பக்கம் அழுத்தவே கூடாது, விலா எலும்பு ரொம்ப மெல்லிசு.

தாஜா பண்றேன்னு உலர்ந்த திராட்சைய குடுக்காத, சர்க்கரை அது வயித்துக்கு ஆகாது. காய்ஞ்ச புல்லுலயே ஒரு குச்சிய நீட்டு, போதும். மண் குளியல் கிண்ணத்த, அதான் அது உருண்டு முடிய சுத்தம் பண்ணிக்கிற தூசி மண்ணு போட்ட கிண்ணத்த, நீயே கொண்டுபோயி வெச்சுட்டு அங்கேயே உக்காரு. உன் முன்னாடி அது வயிறு தெரிய உருளுச்சுன்னா பாதி கிணறு தாண்டியாச்சு. 10, 15 நிமிஷத்துல கிண்ணத்த எடுத்துரு, ரொம்ப நேரம் உருண்டா தோல் வறண்டுரும். தண்ணி ஊத்தி குளிப்பாட்டுறத மறந்துரு, அவ்ளோ அடர்த்தியான முடி லேசுல காயாது.

ரூம் 25 டிகிரி தாண்டாம பாத்துக்க. சூடு ஏறி காது செவந்து சோந்து கெடக்குறத பாத்துட்டு "அமைதியாயிருச்சு, பழகிருச்சு"ன்னு சந்தோஷப்பட்டு உக்காந்திராத. இதுங்க நல்லா வெச்சுக்கிட்டா 15 வருஷம்கூட இருக்கும், அவசரமே இல்ல, மடியில இந்த வருஷம் ஏறலன்னா அடுத்த வருஷம் ஏறட்டும். சிலது கடைசி வரைக்கும் மடியில உக்காராது, தோள்ல ஏறி குதிச்சுட்டு போயிரும், அதுவும் பாசம்தான்னு வெச்சுக்கோ.

ஒண்ணு மட்டும் காத்திருக்காத. திடீர்னு சாப்பிடுறத நிறுத்திட்டாலோ புழுக்கை கொறஞ்சு போனாலோ அது கூச்சம் இல்ல, வயிறோ பல்லோதான், அன்னிக்கே இந்த மாதிரி சின்ன பிராணிங்கள பாக்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு. காசு பத்தலன்னா எனக்கு மெசேஜ் போடு, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

அம்மா