'நோய் தெரியவில்லை' என்றால் சிகிச்சை முடிந்துவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான 'ஏ.எல்.எல்.'லுக்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு நடக்கும். முழுதாக முடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள். ஆனால் பல குடும்பங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. அதைத் தடுக்க, மருத்துவமனைகளில் பணிபுரிபவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதல் மாத ஊசிகளில் காய்ச்சல் விட்டு, பிள்ளை ஓடியாடத் தொடங்கும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் 'நோய் தெரியவில்லை' என்று வரும். வீட்டில் அதை 'நோய் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோய் கண்டபோது உடம்பில் லட்சம் கோடி அளவுக்குப் புற்றுச் செல்கள் இருந்திருக்கும். நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாத நாளிலும் ஆயிரம் கோடி வரை மிச்சமிருக்கலாம். இந்தக் கணக்கை அம்மா, அப்பாவோடு, வீட்டில் முடிவெடுக்கும் தாத்தாவையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மாத்திரைக் காலம். மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். இரண்டும் மாறி, வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. மாதக் காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டுக் கொடுத்தனுப்புங்கள். அணுக்கள் குறைந்தால் டாக்டர் 'ஒரு வாரம் மாத்திரை வேண்டாம்' என்பார். அதோடு சிகிச்சையே முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நிறுத்தச் சொல்லும்போதே மறுபடி ரத்தம் பார்க்கும் தேதியையும் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

மருந்துச் செலவுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. துணைக்கு வருபவர் இழக்கும் கூலியை யாரும் தருவதில்லை. சிகிச்சைக்காக ரயிலில் வரும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுச் சலுகையும், துணைக்கு ஒருவருக்கு 75 சதவீதமும் உண்டு. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். அதை முதல் நாளே கையில் கொடுத்தால் என்ன?

தொடர்ந்து நான்கு வாரம் வராதவரைத்தான் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்கிறது பன்னாட்டு வரையறை. பதிவேட்டுக்கு அது சரி. பிள்ளைக்கு நான்கு வாரம் ரொம்ப நீளம். வர வேண்டிய நாள் சாயங்காலமே போன் போக வேண்டும். அப்பா போன் அணைந்திருந்தால் கூப்பிட, பக்கத்து வீட்டு எண்ணும் கிராம சுகாதார செவிலியர் எண்ணும் கோப்பில் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வந்து நிற்கும் தாயிடம் "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பயத்திலேயே வராமல் இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்,
மதுரை.