வரப்போரத்து இலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் காகிதத்தில் எழுதி, தங்கச்சியிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

உன் ஆமைக்காக நீ அனுப்பிய பதினொரு செடிப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே அதே கேள்விதான், "இதைத் தின்றால் ஆமைக்கு ஒன்றும் ஆகாதே அப்பா?" இங்கிலாந்துச் செடியெல்லாம் எனக்குத் தெரியாது. தங்கச்சி தேடிப் படித்துச் சொன்னாள், நான் இலையைப் பார்த்து ஒப்பிட்டேன்.

மூன்றாவது படம் டேன்டேலியன்தான். இலையெல்லாம் தரையிலிருந்தே வட்டமாகக் கிளம்புகிறது, ஓரத்தில் ரம்பம் போலப் பல், ஒரு தண்டுக்கு ஒரே மஞ்சள் பூ. தண்டை ஒடித்தால் உள்ளே குழலாக இருக்கும். தாராளமாகக் கொடு. கிள்ளினால் பால் வருகிறது என்று பயந்திருக்கிறாய். அந்தப் பால் ஒன்றும் செய்யாது. நம் வேலிக் கள்ளியின் பால்தான் கெட்டது. அந்த இனத்துச் சிறு களை அங்கேயும் முளைக்குமாம், அதைப் பிடுங்கி எறிந்துவிடு.

ஐந்தாவதில் நரம்பெல்லாம் காம்பிலிருந்து நுனிவரை பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. இலையைக் குறுக்கே கிள்ளி மெதுவாக இழுத்துப் பார். நூல் நூலாக வந்தால் வாழையில்லாத அந்த 'பிளான்டைன்' களைதான். அதுவும் நல்லது. செம்பருத்தி இலை, பூ இரண்டும் கொடுக்கலாம்.

எட்டாவது படம் எனக்குப் பிடிக்கவில்லை. பூ இல்லை, மெல்லிய மயிர் படிந்த இலை மட்டும். ஃபாக்ஸ்குளோவ் என்று ஒன்று அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் இருக்குமாம். நம் அரளி மாதிரி நெஞ்சையே நிறுத்திவிடும். முதல் வருஷம் பூக்காமல் இலையோடு நிற்குமாம். பூவைப் பார்க்காத செடியை வெட்டாதே.

எது கொடுத்தாலும் மருந்து அடித்த இலை மட்டும் வேண்டாம். ரோட்டோரம் பறிக்காதே. நர்சரியில் வாங்கிய செடி கழுவினாலும் ஆகாது, மருந்து உள்ளே ஊறி மாதக்கணக்கில் நிற்கும்.

உன் ஆமை ஹெர்மன் இனம், அதற்கு நாரும் சுண்ணாம்புச் சத்தும்தான் வேண்டும். பழம் கொடுக்காதே, வயிறு கெடும். பாலக் கீரையும் வேண்டாம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அப்புறம், அதை வாங்கியபோது கொடுத்த சர்டிபிகேட்டைப் பத்திரமாக வை. இங்கே நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் 1972ஆம் வருஷச் சட்டப்படி ஜெயில்தான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று உன் ஆயா சொல்வாள். அதை நீ மனதில் வைக்காதே. ஓர் உயிரை இத்தனை அக்கறையாகப் பார்க்கிறாயே என்று எனக்குப் பெருமைதான். ஆனால் இதுவரை நீ அனுப்பிய நாற்பது படத்தில் ஒன்றில்கூட உன் முகம் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

படங்கள் எல்லாம் மத்தியானம் மூன்று, மூன்றரைக்கு வருகின்றன. அங்கே அப்போது காலை பத்தரை, பதினொன்று என்று தங்கச்சி சொன்னாள். செவ்வாய்க்கிழமை வந்தது, வியாழக்கிழமையும் வந்தது. வெயில் நன்றாக அடிக்கிறது போல. சரி.

மல்பெரி இலையும் ஆமைக்கு நல்லது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 1609இல் உங்கள் ஊர் ராஜா ஜேம்ஸ் பட்டு வளர்க்க ஆசைப்பட்டு மல்பெரித் தோட்டம் போட்டார் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அவர் போட்டது கருப்பு மல்பெரியாம், பட்டுப்புழுவுக்கு வெள்ளை மல்பெரிதான் ஒத்துப்போகும். மல்பெரி இலை கிடைத்தால் ஆமைக்குப் போடு. ஆனால் பக்கத்தில் யாரும் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பறி.

பதினொரு படத்துக்கும் நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று இரண்டு நாளாக யோசித்தேன். சாமி, அது நான் செய்தது.

2004 ஆடி மாதம். நம் கொட்டகையில் நூறு தாய்ப்பூச்சி இட்ட முட்டையில் வந்த பட்டுப்புழுக்கள், நாலாம் தோலுரிப்பு முடிந்து பேயாகத் தின்றுகொண்டிருந்தன. மொத்த இலையில் பெரும்பங்கு அந்தக் கடைசி வாரத்தில்தான் போகும். நம்மிடம் இலை போதவில்லை. பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் முந்தின நாள் மருந்து அடித்தார்கள். எனக்குத் தெரியும், நாற்றம் கொட்டகைவரை வந்தது. வரப்போரத்து வரிசையில் வெட்டி வா என்று உன்னை அனுப்பியது நான்தான். காற்று அந்தப் பக்கம் அடித்தது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின, வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் வடிந்தது. காலையில் தட்டுத் தட்டாகச் சுருங்கிக் கிடந்தன.

அம்மா கேட்டபோது, பையன் தெரியாமல் வரப்போரத்தில் வெட்டிவிட்டான் என்றேன். நீ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை. அதற்குப் பிறகு நீ கொட்டகைக்குள் வரவே இல்லை. படிப்பில் கவனம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அடுத்த பத்து நாள் நான் கூடு விலை விசாரிக்கத் தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். விற்கக் கூடு எங்கே இருந்தது? பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புவேன். அம்மா செயின் வட்டிக்கடைக்குப் போனதும் அப்போதுதான். வேலை இல்லாத மனுஷன் வீட்டில் பகலில் முகம் காட்ட முடியாமல் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும் தம்பி.

நேற்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று காலை அவள் என்னிடம் பேசவில்லை. உன்னிடம் பேசவேண்டும் என்றாள்.

மருந்து அடித்த இலை வேண்டாம். எட்டாவது செடி பூத்ததும் படம் அனுப்பு. பகலிலேயே போன் பண்ணு, வேலை நாளாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று மணிக்கு நான் கொட்டகைத் திண்ணையில் இருப்பேன்.

அப்பா