ஏழாம் வகுப்பு அலசித்தாஸ் சந்தை: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரமாகத் தீப்பெட்டிக்கும் துணிக் கிழிசலுக்கும் வீட்டைக் குடைந்துகொண்டிருப்பார்கள். காரணம் நான்தான்.

சமூக அறிவியல் கண்காட்சிக்கு இந்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட நாடு தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா. அங்கே லா பாஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரி 24 அன்று அலசித்தாஸ் சந்தை கூடும். அங்குள்ள பழங்குடியினர் பேசும் அய்மாரா மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘என்னை வாங்கிக்கொள்’ என்று பொருள். வரும் ஆண்டில் எது வேண்டுமோ அதைக் குட்டிப் பொருளாக வாங்குவார்கள். விரல் நீள வீடு, லாரி, மாவு மூட்டை, பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், கட்டுக்கட்டாகப் பொம்மை நோட்டு. துணை தேடுகிறவர்களுக்குச் சேவல் பொம்மை, கோழிப் பொம்மை. பத்திரிகைகள்கூட அன்றைக்குக் கேலிச் செய்திகளோடு உள்ளங்கை அளவில் குட்டிப் பதிப்பு கொண்டுவரும்!

பகல் 12 மணி அடிக்கும்போது வாங்க வேண்டும் என்று கூட்டம் முண்டியடிக்கும். வாங்கியதை முதலில் யத்திரி என்னும் அய்மாரா பூசாரியிடம் நீட்டுவார்கள். அவர் சாம்பிராணிப் புகை காட்டி, மதுவும் பூவிதழும் தெளிப்பார். அப்புறம் அதே பொருளோடு தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் தீர்த்தமும் வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு அமைதி அன்னை என்று அங்கே வணங்கப்படும் மரியாளின் திருநாளும்கூட. இரண்டில் எது தங்கள் மதம் என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரியாது என்று நினைக்கிறேன். 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இந்தச் சடங்குகள் இடம்பெற்றன.

‘பிள்ளைகளைக் கும்பிடச் சொல்வீர்களா?’ என்று இரண்டு பெற்றோர் தொலைபேசியில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சொல்ல மாட்டோம். அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்குவதோடு சரி. சந்தையின் நாயகன் எக்கேக்கோ, உடம்பெல்லாம் மூட்டை முடிச்சு தொங்க, கைகளை விரித்து நிற்கும் மீசைக்காரக் குட்டைச் சாமி. அவர் வாயில் சிகரெட் பற்றவைத்து வைப்பது அங்கே வழக்கம். நம் பிள்ளைகள் செய்த களிமண் எக்கேக்கோவுக்கு வாய் உண்டு, சிகரெட் கிடையாது.

தனக்குத் தானே வாங்குவதைவிடப் பிறர் கொடுத்தால்தான் பலிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் நாங்களும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். யார் பெயர் வந்ததோ அவருக்குத் தேவையானதைச் செய்து தர வேண்டும். ஒரு மாணவி பழைய வேட்டித் துணியில் இரண்டு அங்குல மூட்டை தைத்து, உள்ளே நிஜ அரிசி போட்டு, வாயைக் கோணி ஊசித் தையல் போலவே மூடியிருக்கிறாள். ‘அவனுக்கு என்ன வேணும்னே தெரியலை சார்’ என்று ஒரு பையன் வந்து நின்றான். போய்க் கேள் என்றேன். இப்போது பேனா மூடியில் தண்ணீர்க் குழாய் செய்துகொண்டிருக்கிறான்.

ஆகவே கடையில் எதுவும் வாங்கித் தராதீர்கள். கத்தரிக்கோல் வேலைக்கு மட்டும் கூட இருங்கள். யாருக்கு யார் செய்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

நம் பள்ளிச் சந்தை ஜனவரி 24, சனிக்கிழமை, நம்மூர் நேரப்படி பகல் 12 மணிக்கு. லா பாஸில் அப்போது பின்னிரவு இரண்டரை மணி, யாரும் கடை விரித்திருக்க மாட்டார்கள். பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள். 12 மணி அடித்ததும் பொருள் கைமாறிவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்