மேல்வீடும் கரண்ட் கம்பியும்

கொக்குவில்

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம். காசு கிடைத்தது. மேல்வீட்டுப் பிளான் பார்த்தேன், வடிவாகத்தான் கீறியிருக்கிறார்கள். ஆனால் தம்பி, ரோட்டுப் பக்கம் 4 அடி பெல்கனி வேண்டாம். அந்தப் பக்கத்தால் போவது வீட்டுக்கு வரும் 230 வோல்ட் வயர் இல்லை, 33,000 வோல்ட். உறையில்லாத வெறுங்கம்பி. தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும்.

மேசன் கொக்கத்தடியை நிமிர்த்தி அளக்கப் போனார், மறித்துப்போட்டேன். நீ வந்தாலும் அப்படி அளக்காதே. இரும்புத்தடி, அலுமினிய ஏணி, ஈரத்தடி ஒன்றும் வேண்டாம். சித்தி வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும்.

நான் நிலத்தில் நின்றே அளந்தேன். ரோட்டோரம் நின்று தூக்குக்குண்டு நூலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, கம்பி போகிற போக்கிலேயே பார்க்கவேண்டும். நூலும் எங்கள் பக்கத்துக் கம்பியும் ஒரே கோடாகத் தெரிந்தால், கால் நிற்கிற இடம் கம்பிக்கு நேர்கீழே. அங்கே சோக்கட்டியால் கீறிச் சுவர் வரை நாடா பிடித்தேன். 9 அடி. பெல்கனி போக மிச்சம் 5.

உயரத்துக்கு நிழல். 3 அடித் தடிக்கு 2 அடி நிழல் விழுந்த நேரம் கம்பத்தின் நிழல் 20 அடி. அப்போ கம்பம் 30 அடி. ஆனால் எங்கள் வாசலுக்கு நேரே கம்பி தொய்ந்துதான் போகிறது. மத்தியான வெயிலுக்கு இன்னும் தொய்யும், சோழகக் காற்று அடித்தால் ஆடும். அந்த 5 அடி எப்போதும் 5 அடியாக இராது.

கணக்கில் எப்போதும் முதலாம் பிள்ளை நீ, உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் கேட்கிறவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் இந்த வளவை நீ படத்தில்தானே பார்க்கிறாய். போன் எடுத்தால் வேலை என்று வைத்துவிடுகிறாய். அம்மா ஞாயிறு முழுக்கப் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறா.

மின்சார சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வந்து பார்த்து, இவ்வளவு தூரம் விடவேண்டும் என்று எழுதித் தந்த பிறகுதான் பிளான் பிரதேச சபைக்குப் போகும். என் அளவு எங்களுக்கு ஒரு மட்டுக்குத்தான். பெல்கனியைக் கிணத்தடிப் பக்கம் திருப்பலாம், காற்றும் வரும். ரோட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன்.

மேலே எத்தனை அறை என்று நீ இன்னும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்து போக ஒன்று போதுமா, பிள்ளைகளோடு இருக்கிறதென்றால் மூன்றா? மேசன் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதை மட்டும் எழுது.

அப்பா