எக்ஸ்எல் காளையும் பொன்வண்டுச் சிறகும்

காங்கயம்,
ஐப்பசி மாசம்.

அன்புத் தோழிக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. முட்டிவலி இப்போது தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே ஒரு மழை நல்லாப் பெய்து, வேலி கட்டின மேய்ச்சல் நிலமான கொறங்காடெல்லாம் கொழுக்கட்டைப்புல் தலைதூக்கிவிட்டது. ஆடு வைத்திருக்கிறவர்கள் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு. சின்னவனுக்குப் பொண்ணு பார்க்கிற கதை இழுத்துக்கொண்டே கிடக்கிறது, அதை நேரில் பேசிக்கலாம்.

“பொழுதன்னிக்கும் என்ன பண்ணிக்கிட்டிருக்கே புள்ள?” என்று கேட்டிருந்தாயே. சிரிக்காதே. துணியில் ஒரு கொறங்காடு தைத்துக்கொண்டிருக்கிறேன்.

குவில்ட் என்கிறார்களே, அதுதான். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். ஆனால் நம்ம அமுச்சிகள் பழைய சீலையை மடித்துத் தைத்த துப்பட்டி மாதிரி இதைப் போர்த்த முடியாது. ரெண்டடிக்கு மூணடி, சுவரில் மாட்டத்தான். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “போத்தவும் ஆகாது, விரிக்கவும் ஆகாது, இதுக்கெதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கறே?” என்றார்கள். “மார்கழியில பத்து மணிக்கு அழியற கோலத்துக்கு நீங்க நாலு மணிக்கு எந்திரிக்கறீங்களேக்கா” என்றேன். அதற்கப்புறம் அவர்களே ஒரு டப்பா பழைய பட்டன் கொண்டுவந்து கொடுத்தார்கள்!

திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிக்கென்ன பஞ்சம். கட்டிங் வேஸ்ட்டை எடைக்கு வாங்கினேன். மெஷின் துடைக்கப் போகிற துணி, அதிலும் என்னென்ன நிறம்! ஆனால் பனியன் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும், தைக்கும்போது கோணிக்கொள்ளும். சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸைப் பின்னால் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால் அடங்கிவிடுகிறது. வேலிக்கு மட்டும் ஒட்டவில்லை. நீளமாக நறுக்கி இழுத்தால் பனியன் துணி தானே சுருண்டு கயிறாகிவிடும். பச்சையும் சாம்பலுமாக அதை வரிசையாக நிறுத்தி வைத்துத் தைத்தேன், அசல் கிளுவை வேலி.

காளை இல்லாமல் காங்கயமா? சாம்பல் துணியில் உடம்பு, திமிலுக்குக் கறுப்பு, அறுந்த ஜிப்பின் பல்லில் கொம்பு. கன்றுக்குச் செவலைத் துணி எடுத்தேன். நம்ம மாட்டில் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் போல ஆனபிறகுதானே நிறம் மாறும், டவுன்காரர்கள் யாராவது வந்தால் “இது எந்த ஊர்க் கன்னுங்க?” என்று கட்டாயம் கேட்பார்கள். வேஸ்ட் மூட்டைக்குள் சைஸ் லேபிள் ஒரு பிடி கிடந்தது. காளையின் காதில் எக்ஸ்எல், பசுவுக்கு எம், கன்றுக்கு எஸ். இதைத் தைத்த அன்று நானே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மேல் ஓரத்தில் நொய்யல். வெள்ளியங்கிரியில் பிறக்கிறபோது நீர்நிறம், அதற்கு மங்கின வெள்ளை. திருப்பூரைத் தாண்டினதும் சிவப்பு, ஊதா, கறுப்பு என்று மாற்றிவிட்டேன். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முன்னால் ஆறு எந்தெந்த நிறத்தில் ஓடியது என்று நாம் பார்த்தவர்கள்தானே. விளையாட்டுத் துணிதான், அதற்காக ஆற்றைப் பற்றிப் பொய் தைக்க மனசு வரவில்லை.

அதே ஆற்றின் வடகரையில்தான் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கே தோண்ட ஆரம்பித்தபோது அறுத்த கல், பாதி தீட்டின கல், துளை போடாத மணி என்று பட்டறையே வெளியே வந்தது. பச்சைக்கல் நம்ம படியூர்ச் சரக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் மணி கோத்த ஊர்க்காரிகள் நாம், தெரியுமா? துணியில் கொடுமணல் வருகிற இடத்தில் சூதுபவளக் கல்லின் செந்நிறத்தில் கண்ணாடிப் பாசிகளை நெருக்கமாகக் குத்தியிருக்கிறேன். ஈரோட்டில் வாங்கினது. கொடுமணலிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை, அது எடுக்கிற பொருளும் இல்லை.

பொன்வண்டு ஞாபகம் இருக்கிறதா? தீப்பெட்டிக்குள் வேல இலையோடு அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோமே. வெள்வேல மரத்தடியில் செத்துக் காய்ந்து கிடந்ததை மட்டும் பொறுக்கினேன். மேல்சிறகு காய்ந்தபடியே ஊசி குத்தினால் விரிசல் விட்டுவிடும். ஆவியில் கொஞ்சம் காட்டினால் இளகுகிறது, அப்போது ரெண்டு முனையிலும் துளை போட்டுவிட வேண்டும். இட்லிப் பானையில் வைத்ததைப் பார்த்து இவர் ரெண்டு நாள் இட்லி சாப்பிடவில்லை. அந்தப் பச்சை சாயமே இல்லையாம், மேலோட்டின் அடுக்குகள் வெளிச்சத்தைத் திருப்புகிற விதமாம். அதனால் வெளுக்காது. சாயத்தாலேயே பிழைக்கிற ஊர்ப்பக்கத்தில் இப்படியொரு நிறம்.

குன்றிமணிதான் யோசிக்க வைத்தது. ஓடு உடையாதவரை பரவாயில்லை, துளைத்தால் உள்ளே இருப்பது கொடிய விஷம். உன் பேத்தி வந்தால் வாயில் வைக்காத பொருள் உண்டா? அதனால் குன்றிமணியே வேண்டாம் என்று விட்டு, அந்த இடத்தில் சிவப்புப் பட்டன் வைத்தேன். வெள்வேலங்காயை ஒரு வாரம் ஃப்ரீசரில் போட்டெடுத்துத்தான் தைத்தேன், இல்லாவிட்டால் வண்டு துளைத்துக்கொண்டு வெளியே வரும். மயிலிறகு காடெல்லாம் கிடக்கிறது, அதை மட்டும் தொடவில்லை. மயிலிறகு வைத்தால் பார்க்கிறவர்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.

நீயும் ஆரம்பிப்பதானால் ஒன்று சொல்கிறேன். மணியைக் கடைசியில் தை. முன்னாலேயே தைத்துவிட்டால் மெஷின் பாதம் ஏறி ஊசி உடையும். நூலை ரெட்டையாக்கி, நாலைந்து மணிக்கொரு முடிச்சுப் போடு, ஒன்று அறுந்தாலும் மற்றது கொட்டாது.

உங்கள் கோபி வாய்க்காலில் நத்தை ஓடு கிடைக்குமே, கொஞ்சம் பொறுக்கி அனுப்பு. ஆற்றங்கரை இன்னும் வெறுமையாக இருக்கிறது. உள்ளே நத்தை இல்லாத ஓடாகப் பார்த்து, நல்லாக் கழுவிக் காயவைத்து அனுப்பு தாயே, கூரியர்காரர் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி