தனி ஆவர்த்தனமும் சாப்பாட்டு டோக்கனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி இசை விழாவை முன்னிட்டு, சென்னை சபாக்களின் கேன்டீன்களில் என்னென்ன பலகாரங்கள் கிடைக்கின்றன என்று தங்கள் நாளிதழில் படங்களுடன் வெளிவந்த பக்கத்தை ஆவலுடன் படித்தேன். அடை அவியலும் கீரை வடையும் காசி அல்வாவும் பார்க்கும்போதே நாவில் நீர் ஊறுகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் இடம்பெறாத ஒரு குறையைச் சொல்ல வேண்டியே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் வழக்கமாகப் போய்வரும் சபாக்களில், கேன்டீனில் இரவு டோக்கன் கொடுப்பதை நிறுத்தும் நேரமும், மாலைக் கச்சேரியில் பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டுமே வாசிக்கும் பகுதியான தனி ஆவர்த்தனம் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அதனால் மிருதங்க வித்வானும் கடம், கஞ்சிரா வித்வான்களும் ஆண்டுதோறும் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கச்சேரியும் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை நான் குறையாக எண்ணவில்லை. அது இந்த ஊருக்கே உரிய சிறப்பு என்றுதான் கருதுகிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக மறு ஆண்டு மியூசிக் அகாடமி தோன்றியது. அன்று தொடங்கிய டிசம்பர் வழக்கம் இன்று நகரம் முழுவதும் பரவி, 2017-இல் யுனெஸ்கோ தனது படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்க்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியில் சமையற்கட்டுக்கும் பங்குண்டு. சமையற்கலைஞர் அறுசுவை நடராஜன் போன்றவர்களின் பெயர்கள் பாடகர்களின் பெயர்களுக்கு இணையாகப் பேசப்பட்ட ஊர் இது. என்னைப் போன்ற வயதான தம்பதியருக்கு, “சாயங்காலம் கச்சேரி கேட்டுவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்” என்று கிளம்ப முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டில் மற்ற பதினொரு மாதங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் நாங்கள்.

சென்ற ஆண்டு டிசம்பரில் மயிலாப்பூரில் ஒரு சபாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறே முக்காலுக்குக் கச்சேரி தொடங்கியது. பிரதானமாகக் காம்போதி ராகத்தை எடுத்துக்கொண்ட பாடகர், அவசரமில்லாமல் விஸ்தாரமாக ஆலாபனை செய்து, இரண்டு களை ஆதி தாளத்தில் கீர்த்தனையைப் பாடி, நிரவலும் ஸ்வரமும் முடித்து, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தபோது மணி எட்டு இருபத்தைந்து. கேன்டீன் வாசலில், இரவு டோக்கன் 8.45 வரை மட்டுமே வழங்கப்படும் என்று எழுதி வைத்திருந்தார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். ஒன்பது மணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். எங்கள் வரிசையில் 14 பேர் இருந்தோம். மிருதங்கத்தின் முதல் சொல் விழுவதற்கு முன்பே ஒன்பது பேர் எழுந்துவிட்டோம். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். மிருதங்கம் வாசித்தவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. வலந்தலையில் விரலை வைத்துச் சுருதி சரியாக இருக்கிறதா என்று மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கத்தின் பக்கச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு கேன்டீன் நடத்துகிறார்கள். நாங்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, இடம் பிடித்து உட்கார்ந்து, இலையில் ரவா தோசை வந்து விழுந்தபோது, சுவருக்கு அப்பாலிருந்து தனி தெளிவாகவே கேட்டது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் சுற்றுகள் முடிந்து, குறைப்பு தொடங்கியிருந்தது. முதலில் இரண்டு ஆவர்த்தனம் இவருக்கு, இரண்டு ஆவர்த்தனம் அவருக்கு. பிறகு ஒன்று, பிறகு அரை, பிறகு கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து இருவரும் ஒன்றாகச் சேரும் இடம் அது. தோசைக் கல்லின் ஓசைக்கும் பாத்திரங்களின் சத்தத்திற்கும் நடுவில் என் கை தானாக மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரும் காப்பி டபராவை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை வாசித்து முடிக்கும் இறுதிக் கோர்வை மூன்றாம் முறை வந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக விழுந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே எழுந்த கைதட்டல் மிகவும் மெலிந்து ஒலித்தது. தட்ட வேண்டிய கைகளில் பாதி இங்கே இலையின் மேல் இருந்தன.

நான் இளமையில் மயிலாடுதுறையில் ஏழு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவன். வேலைக்குப் போன பிறகு அதைத் தொடர முடியவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலான வருத்தம் இருக்கலாம். எங்கள் ஆசிரியர், ஒரு மாணவன் தனி வாசித்துப் பழகும் நாளில் மற்ற மாணவர்கள் அனைவரையும் அவனுக்கு எதிரே உட்கார வைத்துத் தாளம் போடச் சொல்வார். வாசிப்பவன் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள்ளேயே கணக்குப் போடக் கூடாது, எதிரில் இருக்கும் கைகளைப் பார்த்து அவற்றோடு சேர்ந்து போக வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. தனி ஆவர்த்தனத்தில் ரசிகருக்கும் வேலை இருக்கிறது. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கோ ஐந்து ஐந்தாக எண்ணும் கண்ட நடைக்கோ மாறும்போது முன் வரிசையில் நான்கு பேர் தாளத்தை விடாமல் பிடித்திருந்தால் வாசிப்பவருக்குத் துணிவு வரும். ராக ஆலாபனையின்போது எழுந்து போனால் பாடகருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் பாட்டு நின்றுவிடாது. தனியின்போது எழுந்து போனால் வித்வானின் எதிரில் இருக்கும் தாளத்தையே நாம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுவதும் பிறர் பாட்டுக்கு அணைவாக வாசித்துவிட்டு, தனக்கென்று ஒரு மிருதங்க வித்வான் பெறுவது பன்னிரண்டு அல்லது பதினைந்து நிமிடங்கள்தாம். அதற்கான ஏற்பாடு எவ்வளவு நேரம் முன்பே தொடங்குகிறது என்பதை மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். ரவையை நீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி அப்பி, அந்த இடந்தலை நாதம் சரியான கனத்தில் வரும்வரை விடமாட்டார்கள். மிருதங்கத்திற்கு உரிய மரியாதை இந்த ஊரில் எப்போதும் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. பாலக்காடு மணி ஐயருக்கு 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தபோது, அகாடமி தொடங்கி 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த விருதைப் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவரே. மேடையில் கிடைக்கும் மரியாதை இன்று எவ்வளவோ உயர்ந்துவிட்டது. அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் தரும் மரியாதைதான் பின்தங்கியிருக்கிறது. அதற்கும் ரசிகர்களின் அலட்சியம் மட்டுமே காரணம் அல்ல என்பது என் எண்ணம். தனியின்போது எழுந்து போகும் எல்லோரும் லயம் பிடிக்காமல் போவதில்லை. பசித்துப் போகிறார்கள், மாத்திரை போட்டுக்கொள்ளப் போகிறார்கள், டோக்கன் தீர்ந்துவிடும் என்று போகிறார்கள்.

சாப்பாட்டுக்கும் மேடைக்கும் உரிய நேரத்தைப் பிரித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. வடமாவட்டங்களில் தெருக்கூத்து பார்க்கப் போகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பாயும் போர்வையுமாகக் கிளம்புவார்கள்; விடியும்வரை கூத்து நடக்கும். இதே சபாக்களில் நாடகம் போட்டபோது நடுவில் இடைவேளை விட்டார்கள். போண்டாவும் காப்பியும் முடித்து எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே திரை மறுபடி விலகும். ஜப்பானின் கபுகி நாடக அரங்குகளில் இடைவேளைக்கென்றே ஏற்பட்ட உணவுப் பெட்டிக்கு ‘மக்குனோஉச்சி’ என்று பெயர். ‘திரைகளுக்கு நடுவே’ என்பது அதன் பொருள். உண்ணும் நேரம் எது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நம் கச்சேரிக்கு இடைவேளை கிடையாது, இருக்கவும் கூடாது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரி முறையில் தொடக்க உருப்படியான வர்ணம் முதல் சிறு பாடல்களான துக்கடாக்கள், மங்களம் வரை ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்து போகிறது. நடுவில் வெட்டினால் அந்த வளர்ச்சி கெட்டுவிடும். எனவே கச்சேரி முடிந்த பிறகு சாப்பாடு என்பதுதான் பொருத்தமான ஏற்பாடு. கேன்டீனோ அதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறது.

இதை அன்றிரவே அந்தச் சபாவின் பொறுப்பாளர் ஒருவரிடம் பணிவுடன் சொன்னேன். கேன்டீன் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் விடியற்காலை நான்கு மணிக்கே வந்து காலைச் சிற்றுண்டிக்கு மாவு கரைக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அவர்களை இரவு பத்தரை வரை நிறுத்தி வைப்பது நியாயமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல வெளியூர்களிலிருந்து வந்து, சீசன் முழுவதும் அடுப்படியிலேயே படுத்து எழும் அந்தத் தொழிலாளர்களின் உழைப்பின் மேல் எங்கள் ரசனையை ஏற்றி வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இரவு ஒன்பதே காலுக்கு மேல் முழு மெனுவும் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? இட்லியும் தயிர்சாதமும் ஒரு டம்ளர் பாலும் இருந்தால் எங்கள் வயதுக்காரர்களுக்கு அதுவே போதும். தோசைக் கல்லை ஏற்ற வேண்டியதில்லை. மதியத்திற்குப் பிறகு வேலைக்கு வரும் இரண்டு பேர் இருந்தாலே பரிமாறிவிடலாம்.

டோக்கனையும் கச்சேரி தொடங்குவதற்கு முன்பே, ஆறு மணியிலிருந்து ஆறரைக்குள், நுழைவுச் சீட்டைக் காட்டுபவர்களுக்குக் கொடுத்துவிடலாம். எத்தனை பேருக்கு என்று சமையற்காரருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும், பண்டம் வீணாகாது. இப்போது எட்டு மணிக்கு மேல் கேன்டீனில் இருக்கும் கூட்டத்தில் கச்சேரிக்கே வராமல் சாப்பிட மட்டும் வந்தவர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வருவதும் சந்தோஷமே. இன்று அல்வாவுக்கு வந்தவர் நாளை ஒரு கீர்த்தனைக்கு உள்ளே வரக்கூடும். இருப்பினும் கடைசி அரை மணியையாவது அரங்கத்திலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பது முறையாக இருக்கும்.

பேருந்து, ரயில் சிரமத்தையும் நான் மறந்துவிடவில்லை. மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வந்து மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் போகிறவன் நான். லஸ் பக்கம் மெட்ரோ வேலைகள் நடப்பதால் ஆட்டோ கிடைத்தாலும் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. கச்சேரி ஒன்பதே காலுக்கு முடிந்து, ஒன்பது நாற்பதுக்குள் சாப்பிட முடிந்தால் நிம்மதியாக ரயிலைப் பிடித்துவிடலாம். எங்களுக்குத் தேவை அந்த இருபத்தைந்து நிமிடங்கள்தாம்.

பாடகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனி தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம்: கச்சேரி முடிந்த பிறகும் கேன்டீன் திறந்திருக்கும், அமர்ந்து கேளுங்கள் என்று. அப்படிச் சொல்லக்கூடிய நிலையைச் சபா நிர்வாகங்கள் முதலில் ஏற்படுத்தித் தர வேண்டும். அடுத்த சீசனுக்கான கேன்டீன் ஒப்பந்தத்தைப் பேசும்போது, மாலைக் கச்சேரி முடிந்து அரை மணி நேரம் கழித்தே மூட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இந்தச் சீசனிலேயே ஏதாவது ஒரு சபா இதைச் செய்து பார்த்தால், மறுநாளே அதைத் தங்கள் நாளிதழ் பலகாரப் பட்டியலுக்கு மேலே கட்டம் கட்டி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி முதல் வாரத்திற்குள் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் இரண்டு மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு இருக்கிறது. அவற்றுக்கு வீட்டிலிருந்தே டப்பாவில் தயிர்சாதம் எடுத்துப் போக முடிவு செய்திருக்கிறோம். அரங்கத்திற்குள் உணவு கூடாது என்ற விதி சரியானதே, அதை மீற மாட்டோம். தனி முடிந்ததும் என் மனைவி வெளியே வந்து உட்கார்ந்து சாப்பிட, வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டுத் தரும்படி சம்பந்தப்பட்ட சபாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகர்,
மேற்குத் தாம்பரம்.