'டவுன்பிளே' என்றால் குறைத்து மதிப்பிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளம், தொற்றுநோய் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் 'டவுன்பிளே' என்ற வினைச்சொல் அடிக்கடி வரும். தமிழுக்கு வரும்போது அது பெரும்பாலும் 'குறைத்து மதிப்பிட்டார்' என்று அச்சாகிவிடுகிறது. இது சின்னப் பிழை அல்ல. குறைத்து மதிப்பிடுபவருக்கு உண்மையான அளவு பிடிபடவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் 'அண்டர்எஸ்டிமேட்'. டவுன்பிளே செய்பவருக்கு அளவு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதை அற்ப விஷயமாகக் காட்டுகிறார். கணக்குப் பிசகியவரையும் காரியத்தோடு பேசியவரையும் ஒரே சொல்லில் அடைத்தால், யார் மீது என்ன குறை சொல்கிறோம் என்பதே மாறிப்போகும்.

நம்மூர் வைகை அணையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66, 68.5, 69 அடியைத் தொடும்போது மூன்று கட்டமாக வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். 66 அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, "இதுக்கு மேல ஏறாது" என்று ஒருவர் மனதார நம்பினால் குறைத்து மதிப்பிட்டார். 69 அடி நிற்பதை 66 என்று பதிந்தால் குறைத்துக் காட்டினார்; அது 'அண்டர்ஸ்டேட்'. 69 அடி என்று சரியாகவே சொல்லிவிட்டு, "வருஷா வருஷம் வர்ற தண்ணிதானே, கரையோரத்துல யாரும் பயப்பட வேணாம்" என்றால் அதுதான் டவுன்பிளே. எண்ணில் பொய் இல்லை, பேச்சின் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. 'மழுப்பினார்' என்று எழுதுவதும் பொருந்தாது. மழுப்புகிறவர் நேரான பதிலே தருவதில்லை.

'அபாயத்தைச் சாதாரணமாகக் காட்டினார்' என்று எழுதினால் பொருள் நேராக வந்துவிடும். பீதி பரவக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொன்னதென்றால் 'பெரிதுபடுத்தாமல் பேசினார்'. தன் பங்கைப் பற்றியே ஒருவர் அடக்கமாகச் சொன்னால் 'அடக்கி வாசித்தார்' என்ற அருமையான வழக்கு நம்மிடம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களுக்கும் ஒன்று. டவுன்பிளேக்குப் பின் 'அபவுட்' வராது. 'டவுன்பிளே த ரிஸ்க்' என்று நேராகச் செயப்படுபொருள்தான். அது பெரும்பாலும் ஒரு விஷயமாக இருக்கும். ஆளை மட்டம் தட்டுவதற்கு 'பிலிட்டில்'. 'மினிமைஸ்' இந்தப் பொருளிலும் வரும் என்றாலும், அதன் முதற்பொருள் முடிந்த மட்டும் குறைப்பது. அதனால் 'செலவை 30 சதவீதம் மினிமைஸ் செய்தோம்' என்பது தவறு. அந்த இடத்துக்கு 'ரெட்யூஸ்' போதும்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பரங்குன்றம், மதுரை